பாப்-அப் விளம்பரங்களை நிறுத்த முழுமையான வழிகாட்டி: தடுப்பானை நிறுவுவது ஆறாவது படிதான்

பாப்-அப் தொல்லை தாங்கவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வது ஒன்றுதான். தேடுபொறியில் ‘விளம்பரத் தடுப்பான்’ என்று தட்டி, முதலில் வருவதை நிறுவிவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து விளம்பரங்கள் மறுபடியும் வருகின்றன, சில நேரம் முன்பைவிடக் கூடுதலாகவே வருகின்றன. தடுப்பான் சரியில்லை என்று அதை நீக்கிவிட்டு வேறொன்றைத் தேடத் தொடங்குகிறார்கள். பலருடைய கணினிகளையும் கைபேசிகளையும் சரிசெய்து கொடுத்த அளவில் நான் கண்டது, தவறு பெரும்பாலும் தடுப்பானில் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது என்பதே. ஏற்கெனவே நாமே கொடுத்து வைத்திருக்கும் அனுமதிகளையும், ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட மென்பொருள்களையும் களையாமல் தடுப்பானை நிறுவுவது, ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை இறைப்பதைப் போன்றது.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். பெரும்பாலோர் உலாவியை ஆங்கிலத்தில் வைத்திருப்பதால், மெனுப் பெயர்களைத் திரையில் தெரியும் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் சற்று மாறலாம், ஆனால் இடம் பெரிதாக மாறுவதில்லை.

1. விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

‘பாப்-அப்’ என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் நான்கு வெவ்வேறு பொருள்கள். நான்குக்கும் மருந்து வேறு வேறு என்பதால், இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள்தான் அதிக நேரத்தை வீணாக்குகிறார்கள்.

முதல் வகை, ஒரு தளத்தில் எதையோ சொடுக்கியதும் புதிய சன்னலாகவோ புதிய டேப்பாகவோ திறப்பது. இன்றைய உலாவிகள், பயனர் சொடுக்காமல் ஒரு பக்கம் தானாகவே புதிய சன்னலைத் திறக்க முயன்றால் தடுத்துவிடும். ஆகவே விளம்பரக்காரர்களுக்கு உங்கள் சொடுக்கு தேவைப்படுகிறது. காணொளியின் பிளே பொத்தான் மீது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விரித்து வைத்திருப்பார்கள். முதல் சொடுக்கு அந்தப் படலத்தில் விழுந்து விளம்பரத்தைத் திறக்கும், இரண்டாவது சொடுக்குதான் காணொளியை இயக்கும். “ரெண்டு தடவை அமுக்கினாத்தான் ஓடுது” என்று சொல்லப்படும் தளங்களெல்லாம் இந்த வகைதான்.

இரண்டாவது வகை, பக்கத்துக்கு உள்ளேயே எழுந்து படிப்பதை மறைக்கும் பெட்டி: குக்கி ஒப்புதல், மின்னஞ்சல் சந்தா, ‘எங்கள் செயலியை நிறுவுங்கள்’ போன்றவை. இது தனிச் சன்னல் அல்ல, பக்கத்தின் ஒரு பகுதி. அதனால் உலாவியின் பாப்-அப் தடுப்பு இதைத் தொடவே தொடாது.

மூன்றாவது வகை அறிவிப்புகள். விண்டோஸில் திரையின் வலது கீழ் மூலையிலும், மேக்கில் வலது மேல் மூலையிலும் எழும். அந்தத் தளத்தை நீங்கள் திறந்திருக்காதபோதும் வரும். நான்காவது வகை, கணினியிலோ கைபேசியிலோ குடியேறிவிட்ட ஆட்வேர். இது எல்லாத் தளங்களிலும், சில நேரம் உலாவியே திறக்காதபோதும், விளம்பரம் காட்டும்.

எது என்று அறிய மூன்று சோதனைகள் போதும். ஒரே ஒரு தளத்தில் மட்டும் வருகிறதா, எல்லாத் தளங்களிலும் வருகிறதா என்று பாருங்கள். ஒரு தளத்தில் மட்டும் என்றால் முதல் இரண்டு வகைகளில் ஒன்று. அடுத்து, குரோமில் இன்காக்னிட்டோ சன்னலைத் திறந்து அதே தளங்களுக்குச் செல்லுங்கள். நீங்கள் தனியாக அனுமதித்திருந்தாலன்றி நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்ஸ், அதாவது உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) அங்கே இயங்குவதில்லை என்பதால், அங்கே விளம்பரம் நின்றுவிட்டால் குற்றவாளி ஏதோ ஒரு நீட்சி. மூன்றாவதாக, வேறொரு உலாவியைத் திறந்து பாருங்கள். அதிலும் அப்படியே வந்தால் சிக்கல் உலாவியில் இல்லை, கணினியில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: குரோம் சன்னலை மூடிய பிறகும் அறிவிப்பு வருகிறதே, அப்படியானால் ஆட்வேர்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். விண்டோஸில் குரோம் மூடிய பிறகும் பின்னணியில் இயங்க முடியும், அதற்கென்றே செட்டிங்ஸில் சிஸ்டம் என்னும் பகுதியில் ஒரு தேர்வு இருக்கிறது.

2. தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

கணினியில் நிர்வாகி உரிமையுள்ள கணக்கு தேவை, இல்லையென்றால் மென்பொருளை நீக்க முடியாது. உலாவியைப் புதுப்பித்து, ஒருமுறை மூடித் திறந்துகொள்ளுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் படிவங்கள் இருந்தால் சேமித்துவிடுங்கள்.

கடவுச்சொற்களை உலாவியில் மட்டுமே வைத்திருப்பவர்கள், அவை கணக்கோடு சேமிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை உறுதி செய்துகொள்வது நல்லது. பின்னால் உலாவியை மீட்டமைக்க நேர்ந்தால் கடவுச்சொற்கள் அழிவதில்லை என்றாலும், தளங்களிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள், மீண்டும் உள்நுழைய வேண்டியிருக்கும்.

ஒரே கணக்கில் பல கணினிகளில் உலாவியைப் பயன்படுத்துபவர்கள், நீட்சிகளையும் அமைப்புகளையும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோல் வைக்கும் சிங்க் வசதியைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். இந்தக் கணினியில் நீங்கள் களைந்த நீட்சியை, இன்னொரு கணினியில் உட்கார்ந்திருக்கும் மென்பொருள் சிங்க் வழியாகத் திரும்ப அனுப்பிவைக்கும் வாய்ப்பு இருக்கிறது. எல்லாக் கணினிகளையும் சுத்தம் செய்த பிறகே அதை மீண்டும் இயக்குங்கள்.

3. இப்போது திரையில் நிற்பதைச் சரியாக மூடுங்கள்

விளம்பரத்தின் மூலையில் தெரியும் பெருக்கல் குறி மூடும் பொத்தானாக இல்லாமல், படத்தின் ஒரு பகுதியாக வரையப்பட்டதாகவும் இருக்கலாம். அதைச் சொடுக்கினால் விளம்பரத்தையே சொடுக்கியதாகும். ஆகவே பக்கத்துக்கு உள்ளே இருக்கும் எதையும் தொடாமல், விசைப்பலகையில் கன்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்தி டேப்பையே மூடுங்கள். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

‘உங்கள் கணினி முடக்கப்பட்டுள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று முழுத்திரையில் அலறும் பக்கம் வந்தால், எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை நிலையிலிருந்து வெளியேறலாம். அதற்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து உலாவியை முடித்துவிடுங்கள். பிறகு உலாவியைத் திறக்கும்போது ‘ரீஸ்டோர்’ என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதே பக்கம் திரும்ப வந்துவிடும். அது வெறும் இணையப் பக்கம்தான். கணினி முடக்கப்படவில்லை, எண்ணை அழைக்க வேண்டியதும் இல்லை.

இன்னொரு வகையில் கூடுதல் கவனம் தேவை. ‘நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க’ விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, எதையோ ஒட்டி, என்டர் தட்டச் சொல்லும் பக்கங்கள் இப்போது உலவுகின்றன. அப்படிச் செய்வது உங்கள் கையாலேயே ஒரு கட்டளையைக் கணினியில் இயக்குவதாகும். உண்மையான ரோபோ சோதனை எதுவும் உலாவிக்கு வெளியே உங்களை அழைத்துச் செல்லாது.

4. அறிவிப்பு அனுமதிகளைத் துடையுங்கள்

நான் பார்த்த கணினிகளில் ‘வைரஸ்’ என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்தப் படியிலேயே தீர்ந்துவிட்டது. ஒரு உறவினரின் மடிக்கணினி நினைவுக்கு வருகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வலது கீழ் மூலையில் சிவப்புக் கேடயப் படத்துடன், ‘5 வைரஸ்கள் கண்டறியப்பட்டன’ என்று ஒரு பெட்டி எழும். அவர் இரண்டு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களை நிறுவிப் பார்த்துவிட்டார், இரண்டும் எதுவும் இல்லை என்றே சொல்லின. அவை சொன்னது சரிதான். அந்தப் பெட்டியின் தலைப்புக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டால் மட்டுமே தெரியும் அளவுக்குச் சிறிய எழுத்தில், உலாவியின் பெயரும் அறிமுகமில்லாத ஒரு தளத்தின் முகவரியும் இருந்தன. ஏதோ ஒரு நாளில் ‘தொடர அலோ என்பதை அழுத்துங்கள்’ என்று ஒரு பக்கம் சொல்ல, அவர் அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

குரோமில் மூன்று புள்ளி மெனு, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கீழே தெரியும். ஒவ்வொன்றின் அருகிலும் உள்ள மெனுவில் ‘பிளாக்’, ‘ரிமூவ்’ என்று இரண்டு இருக்கும். ‘ரிமூவ்’ செய்தால் அந்தத் தளம் பட்டியலிலிருந்து நீங்கும், ஆனால் அடுத்த முறை மறுபடியும் அனுமதி கேட்கலாம். ‘பிளாக்’ செய்தால் கேட்கவே முடியாது. எனவே அறியாத தளங்களுக்கு ‘பிளாக்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். எட்ஜிலும் ஏறத்தாழ இதே வழிதான்.

ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, பெர்மிஷன்ஸ் பகுதியில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்பதற்கு அருகில் உள்ள செட்டிங்ஸ் பொத்தானை அழுத்துங்கள். மேக் சஃபாரியில் செட்டிங்ஸ், வெப்சைட்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ்.

பட்டியலைத் துடைத்ததும், அதே இடத்தில், இனி எந்தத் தளமும் அறிவிப்பு அனுமதி கேட்கவே கூடாது என்னும் தேர்வையும் இயக்கிவிடுங்கள். இது மிகையான கட்டுப்பாடாகச் சிலருக்குத் தோன்றலாம். மின்னஞ்சல், அரட்டை போன்ற ஒன்றிரண்டைத் தவிர உலாவி அறிவிப்பு உண்மையில் தேவைப்படுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஒன்றிரண்டை மட்டும் தனியே அனுமதிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை: ஒரே கணினியில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் தனித்தனி குரோம் புரொஃபைல் இருக்கும். அனுமதிப் பட்டியல் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி. ஒன்றில் மட்டும் துடைத்துவிட்டு, இன்னும் வருகிறதே என்று குழம்புவார்கள்.

5. வேண்டாத நீட்சிகளையும் மென்பொருள்களையும் களையுங்கள்

குரோமில் மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று சென்று, நீங்கள் நிறுவியதாக நினைவில்லாத ஒவ்வொன்றையும் நீக்குங்கள். காணொளி இறக்கும் நீட்சி, தள்ளுபடிக் கூப்பன் தேடும் நீட்சி, கோப்பு வடிவம் மாற்றும் நீட்சி ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். சந்தேகம் இருந்தால் உடனே நீக்காமல், அணைத்து வைத்து ஒரு நாள் பார்க்கலாம்.

நல்ல நீட்சியாக நிறுவப்பட்டதும் பின்னாளில் கெட்டுப்போகலாம். நானோ ஆட்பிளாக்கர், நானோ டிஃபெண்டர் என்னும் இரண்டு நீட்சிகள் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் புதிய கைகளுக்கு மாறியதும், அவற்றில் தீய நிரல் சேர்க்கப்பட்டது தெரியவந்தது. பயனர்கள் எதையும் செய்யவில்லை, தானியங்கிப் புதுப்பித்தலே அதைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆண்டுக்கணக்காக இருக்கிறது என்பதற்காக ஒரு நீட்சியை நம்ப வேண்டியதில்லை.

குரோம் மெனுவின் அடியில் ‘மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்ற வரி அலுவலகக் கணினியில் இருப்பது இயல்பு. சொந்தக் கணினியில் இருந்தால், ஏதோ ஒரு மென்பொருள் உலாவியின் கொள்கைகளை மாற்றியிருக்கிறது என்று பொருள். நல்ல பாதுகாப்பு மென்பொருள்கூட இப்படிச் செய்வதுண்டு. ஆனால் நீக்க முடியாத நீட்சி ஒன்றும் கூடவே இருந்தால் அது ஆட்வேர் என்றே கருதுங்கள்.

அடுத்தது மென்பொருள்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று சென்று, நிறுவிய தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி நிறுவப்பட்டவற்றைப் பாருங்கள். அகர வரிசையில் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள், ஏனென்றால் ஆட்வேர் தனக்குச் சாதுவான பெயர்களையே வைத்துக்கொள்ளும். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பகுதிக்குச் சென்று, ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் அமைப்பில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். அதன்பின்னும் ஐயம் இருந்தால் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனரை ஒருமுறை இயக்கலாம். அது இலவசம், நிறுவாமலே இயங்கும்.

மேக்கில் அப்ளிகேஷன்ஸ் கோப்புறையோடு, சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் உள்ள லாகின் ஐட்டம்ஸையும் பாருங்கள்.

6. தடுப்பானைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள்

இப்போதுதான் தடுப்பானின் முறை. முதலில் உலாவியின் சொந்தத் தடுப்பு இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். குரோமில் சைட் செட்டிங்ஸின் கீழ் ‘பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்’ என்று இருக்கும். அனுமதிப் பட்டியலில் தெரியாத தளம் இருந்தால் நீக்குங்கள். ஃபயர்ஃபாக்ஸில் பெர்மிஷன்ஸ் பகுதியில் ‘பிளாக் பாப்-அப் விண்டோஸ்’. சஃபாரியில் வெப்சைட்ஸின் கீழ் ‘பாப்-அப் விண்டோஸ்’.

நீட்சிகளில் என் தேர்வு யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் உருவாக்கி 2014இல் வெளியிட்டது, திறந்த மூல நிரல், கட்டணம் இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் அது முழு வலிமையோடு இயங்குகிறது. குரோமின் நிலை வேறு. நீட்சிகளுக்கான மேனிஃபெஸ்ட் வி3 என்னும் புதிய விதிமுறையின்படி, பக்கம் இணையத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே நேரில் பார்த்துத் தடுக்க முடியாது. விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைக்க வேண்டும், தடுப்பதை உலாவியே செய்யும். இதனால் பழைய யூபிளாக் ஆரிஜின் 2025இல் குரோமில் இயங்காமல் போனது. அதே ஆசிரியரின் யூபிளாக் ஆரிஜின் லைட்தான் அங்கே மாற்று. எதைத் தடுப்பது என்று சொல்லும் அதன் வடிகட்டிப் பட்டியல்கள் நீட்சி புதுப்பிக்கப்படும்போதுதான் சேர்ந்து வருகின்றன என்பதால், விளம்பரக்காரர்கள் உத்தியை மாற்றும்போது அதற்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரியும். பாப்-அப் தொல்லை மிகுந்த தளங்களுக்குக் கட்டாயம் போக வேண்டியவர்கள் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஆட்கார்ட், ஆட்பிளாக் பிளஸ், கோஸ்டரி ஆகியவையும் அறியப்பட்டவை. பிரேவ் உலாவியில் தடுப்பான் உள்ளேயே இருக்கிறது, தனியாக நிறுவ வேண்டாம். ஆட்பிளாக் பிளஸைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்னும் திட்டத்தை அது 2011 முதல் நடத்துகிறது, அதன் விதிகளுக்கு உட்பட்ட விளம்பரங்கள் இயல்பாகவே அனுமதிக்கப்படும். வேண்டாதவர்கள் அமைப்பில் அந்தக் குறியை எடுத்துவிடலாம்.

நிறுவும்போது நடக்கும் மிகப் பெரிய தவறு போலியை நிறுவுவது. 2018 ஏப்ரலில் குரோம் வெப் ஸ்டோரிலேயே 5 போலித் தடுப்பான்கள் இருந்ததையும், அவற்றை 2 கோடிக்கும் அதிகமானோர் நிறுவியிருந்ததையும் ஆட்கார்ட் வெளிப்படுத்தியது. ஸ்டோரில் இருக்கிறது என்பதும், பயனர் எண்ணிக்கை பெரிது என்பதும் சான்றாகா. எனவே தேடல் முடிவின் மேலே வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்காதீர்கள். தடுப்பானின் திட்டப் பக்கத்துக்குச் சென்று, அங்கிருக்கும் இணைப்பின் வழியாக ஸ்டோருக்குப் போங்கள். ஸ்டோர் பக்கத்தில் ஆசிரியர் பெயரைப் பாருங்கள். ‘ஆரிஜின்’ என்ற சொல் இல்லாத வெறும் ‘யூபிளாக்’ வேறு ஆட்களுடையது.

தேடல் முடிவுகளில் விளம்பர இடத்தை வாங்கி, உண்மையான நிறுவனத்தைப் போல ஏமாற்றும் பக்கங்களுக்கு இழுப்பது அவ்வளவு பரவலானதால்தான், அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில், இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது. தடுப்பான் சோம்பேறிகளின் வசதி என்று கருதுபவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

நிறுவும்போது, எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் இந்த நீட்சிக்கு முடியும் என்று உலாவி எச்சரிக்கும். புதியவர்கள் இங்கே பயந்து பின்வாங்குகிறார்கள். பக்கத்திலிருந்து விளம்பரத்தை அகற்ற வேண்டுமானால் பக்கத்தைப் படிக்கவும் மாற்றவும் முடிந்தாக வேண்டும், வேறு வழியில்லை. இந்த அனுமதி இவ்வளவு பெரியது என்பதால்தான் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

ஒன்றே போதும். இரண்டு மூன்று தடுப்பான்களைச் சேர்த்துப் போட்டால் பாதுகாப்பு கூடுவதில்லை. ஒன்று மறைமுகமாகச் சரிசெய்ததை இன்னொன்று தடுத்துக் கெடுக்கும், தடுப்பானைக் கண்டுபிடிக்கும் தளங்களிடம் எளிதில் அகப்படுவீர்கள், எது எதைக் கெடுத்தது என்றும் கண்டறிய முடியாது.

7. நிறுவிய பின் செய்ய வேண்டிய சிறு திருத்தங்கள்

யூபிளாக் ஆரிஜினை நிறுவியதுமே முதல் வகைப் பாப்-அப்கள் பெரும்பாலும் நின்றுவிடும். ஒரு குறிப்பிட்ட தளத்தில் மட்டும் தப்பி வந்தால், அதன் சின்னத்தைச் சொடுக்கினால் திறக்கும் பலகையில் அந்தத் தளத்தின் எல்லாப் பாப்-அப்களையும் தடுக்கும் சிறு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள். லைட் பதிப்பில் அடிப்படை, உகந்தது, முழுமை என்று படிப்படியான நிலைகள் உண்டு. தொல்லை தரும் தளத்தில் மட்டும் நிலையை உயர்த்தினால் போதும்.

பக்கத்துக்குள் எழும் பெட்டிகளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் ‘ஃபில்டர் லிஸ்ட்ஸ்’ டேப்பில் குக்கி அறிவிப்புகளுக்கான தொகுதியும் ‘அனாயன்சஸ்’ என்னும் தொகுதியும் இயல்பாக அணைந்தே இருக்கும், ஏனென்றால் அவை சில தளங்களின் உண்மையான பெட்டிகளையும் மறைத்துவிடலாம். அவற்றில் குக்கி அறிவிப்புப் பட்டியலை முதலில் இயக்கி, ‘அப்ளை சேஞ்சஸ்’ அழுத்துங்கள். கண்ணில் பட்ட எல்லாப் பட்டியலையும் டிக் செய்வது புதியவர்களின் வழக்கம். உங்களுக்குத் தொடர்பில்லாத மொழிகளின் பட்டியல்கள் நினைவகத்தைத் தின்னுமே தவிர வேறு பயன் தராது.

ஏதேனும் ஒரு பெட்டி மட்டும் தொந்தரவு செய்தால், பலகையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. மின்னல் குறி உள்ளது, சுட்டிய பெட்டியை அப்போதைக்கு மட்டும் அகற்றும், பக்கத்தைப் புதுப்பித்தால் பெட்டி திரும்ப வரும். சொட்டுக்குழாய்க் குறி உள்ளது நிரந்தர விதி எழுதும். முதலில் மின்னலை முயன்று பாருங்கள். சொட்டுக்குழாயால் பெட்டியை மறைத்தபின் பக்கம் நகராமல் உறைந்து நின்றால், அந்தத் தளம் பெட்டியோடு சேர்த்து நகர்வையும் பூட்டி வைத்திருக்கிறது என்று பொருள். ‘மை ஃபில்டர்ஸ்’ டேப்பில் கடைசியாகச் சேர்ந்த வரியை அழித்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

8. தேவையான பாப்-அப்களுக்கு வழி விடுங்கள்

வேறு கணக்கின் வழியாக உள்நுழையும் சன்னல், வங்கியின் ஒப்புதல் பக்கம், பயணச்சீட்டை அச்சிடும் சன்னல் ஆகியவையும் பாப்-அப்களே. தடுக்கப்பட்டால் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் ஒரு சிறு குறி தோன்றும். அதைச் சொடுக்கி, அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். இதற்காகத் தடுப்பையே மொத்தமாக அணைத்துவிட்டு, பிறகு இயக்க மறந்துவிடுபவர்கள் பலர்.

பணம் செலுத்தும் தளங்களுக்கு அனுமதியை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். பணம் செலுத்தும் நடுவில் சன்னல் தடுக்கப்பட்டால் உடனே ரீலோட் அழுத்தாதீர்கள், அதே கோரிக்கை இரண்டாம் முறை போய்விடலாம். கணக்கிலிருந்து பணம் கழிந்ததா என்று முதலில் பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள்.

9. கைபேசியில் வரிசை சற்று வேறு

ஆண்ட்ராய்டில் முதலில் பார்க்க வேண்டியது, விளம்பரம் உலாவியிலா, முகப்புத் திரையிலா என்பது. முகப்புத் திரையிலேயே முழுத்திரை விளம்பரம் எழுந்தால், அதை மூடாமல், அது நின்றுகொண்டிருக்கும்போதே சமீபத்திய செயலிகளைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். எந்தச் செயலியின் பெயரோடும் சின்னத்தோடும் அந்த விளம்பரம் வரிசையில் நிற்கிறதோ, அதுவே மூலம். பெரும்பாலும் டார்ச், வால்பேப்பர், கோப்புச் சுத்திகரிப்பு என்ற பெயரில் வந்த ஏதோ ஒன்றாக இருக்கும். அதை நீக்குங்கள். பெயரோ சின்னமோ இல்லாமல் மறைந்து நின்றால், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியின் சிறப்பு அனுமதிகளில் ‘டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்’ பட்டியலைத் திறந்து, அங்கே தேவையில்லாமல் அனுமதி பெற்றிருப்பவற்றை அணையுங்கள். நீக்க மறுக்கும் செயலிக்கு நிர்வாகி அனுமதி கொடுக்கப்பட்டிருக்கும், அதைப் பறித்த பிறகு நீக்க முடியும்.

உலாவியில்தான் வருகிறது என்றால், குரோமின் சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸை 4ஆம் படியில் சொன்னதுபோல் துடையுங்கள். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகளை நிறுவ முடியாது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜினை நிறுவலாம்.

ஐபோனில் சஃபாரி அமைப்பில் ‘பிளாக் பாப்-அப்ஸ்’ இயங்க வேண்டும். ஆட்கார்ட் போன்ற தடுப்பானை ஆப் ஸ்டோரிலிருந்து நிறுவியபின், சஃபாரியின் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று அதை இயக்கவும் வேண்டும். செயலியை நிறுவினாலே போதும் என்று நினைத்து இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுபவர்களே அதிகம். ‘உங்கள் ஐபோன் பாதிக்கப்பட்டுள்ளது’ என்று நாள்தோறும் நினைவூட்டல் வந்தால், அது நாட்காட்டியில் தெரியாமல் சேர்ந்துவிட்ட சந்தா. கேலண்டர் செயலியில் கேலண்டர்ஸ் பட்டியலைத் திறந்து, அறியாத நாட்காட்டியின் அருகில் உள்ள தகவல் குறியைத் தொட்டு நீக்கிவிடலாம்.

இரு வகைக் கைபேசிக்கும் பொதுவான ஒன்று: சமூக வலைச் செயலிக்குள் ஒரு இணைப்பைத் தொட்டால், அது பெரும்பாலும் அந்தச் செயலியின் உள் உலாவியிலேயே திறக்கும். நீங்கள் ஃபயர்ஃபாக்ஸில் நிறுவிய தடுப்பான் அங்கே எட்டாது. மெனுவில் வெளி உலாவியில் திறக்கும் தேர்வைப் பயன்படுத்துங்கள்.

10. டிஎன்எஸ் வழித் தடுப்பு, தேவைப்பட்டால் மட்டும்

செயலிகளுக்குள் வரும் விளம்பரங்களை உலாவி நீட்சியால் தடுக்க முடியாது. அதற்கு டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் இணைய முகவரியைச் சொல்லும் சேவை, உதவும். ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ வசதி இருக்கிறது. விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் சேவை தரும் பெயரை அங்கே எழுதினால், விளம்பர வழங்கிகளின் (சர்வர்களின்) பெயர்களுக்கு முகவரியே கிடைக்காமல் போகும். வீட்டு வலைப்பின்னல் முழுவதற்கும் இதைச் செய்ய விரும்புபவர்கள் பை-ஹோல் என்னும் டிஎன்எஸ் தடுப்பு மென்பொருளை நிறுவலாம்.

இதன் எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள். டிஎன்எஸ்ஸுக்குத் தளத்தின் பெயர் மட்டுமே தெரியும், பக்கத்தின் உள்ளடக்கம் தெரியாது. உள்ளடக்கமும் விளம்பரமும் ஒரே வழங்கியிலிருந்து வந்தால் அதனால் பிரிக்க முடியாது. விளம்பரம் போன இடத்தில் வெற்றுக் கட்டம் நிற்கும். சில பொது வைஃபைகளில் உள்நுழைவுப் பக்கம் திறக்காமல் போகலாம், அப்போது தற்காலிகமாக அணைத்துவிட்டு உள்நுழையுங்கள்.

11. திரும்ப வந்தால் எங்கே பார்ப்பது

எல்லாம் முடிந்ததும் உலாவியை முழுவதுமாக மூடித் திறந்து, தொல்லை தந்த தளங்களுக்கே சென்று பாருங்கள். விளம்பரம் சோதிக்கும் பக்கங்கள் காட்டும் மதிப்பெண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவை நீங்கள் போகும் தளங்கள் அல்ல.

சில நாள் கழித்து எல்லாத் தளங்களிலும் மீண்டும் தலைகாட்டினால், நீட்சிப் பட்டியலில் புதிதாக எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் சிங்க் வழியாக இன்னொரு கணினியிலிருந்து வந்திருக்கலாம், அந்தக் கணினிக்கும் 5ஆம் படி தேவை. அப்படி எதுவும் இல்லாமல் தேடுபொறியும் முகப்புப் பக்கமும் மட்டும் தானாக மாறிக்கொண்டே இருந்தால், குரோமின் ரீசெட் செட்டிங்ஸ் பகுதியில் அமைப்புகளை மீட்டமையுங்கள். புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் இருக்கும். நீட்சிகள் மட்டும் அணைந்துவிடும், தடுப்பானும் அவற்றோடு அணைந்திருக்கும், அதை முதல் வேலையாக மீண்டும் இயக்குங்கள்.

ஒரே ஒரு தளத்தில் மட்டும் வந்துகொண்டிருந்தால் யூபிளாக் ஆரிஜினின் பட்டியல்களைக் கையால் ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால், பலகையில் உள்ள புகார்ப் பொத்தான் வழியாகப் பட்டியல் தொகுப்பவர்களுக்கு அந்தத் தளத்தைத் தெரிவிக்கலாம். பிறகு பட்டியலை மறுபடி புதுப்பித்துப் பாருங்கள்.